ருசி பார்க்காத குழம்பு

ஆடி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூர்க் குப்பத்தில் அம்மன் கோயிலுக்குப் பின்னால், மணலில் கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஈயம் பூசிய அண்டாவில் புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கேழ்வரகுக் கூழ் முன்னமே காய்ச்சியாகிவிட்டது. அதற்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுக் குழம்புதான் பாக்கி.

தங்கபுஷ்பம் ஓரமாக உட்கார்ந்து வாளைக் கருவாட்டை வெந்நீரில் அலசினாள். ஒவ்வொரு வீட்டுக் கருவாடும் ஒவ்வொரு உப்பு. எல்லாவற்றையும் நன்றாக ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிட்டன.

அவள் குப்பத்துப் பெண் இல்லை. தெருமுனை மளிகைக்கடை சுயம்புவின் மனைவி. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கூழுக்கான கேழ்வரகும் மொச்சையும் வருஷாவருஷம் அவர்கள் கடையிலிருந்துதான் வரும். ஆனால் அடுப்பங்கரைக்கு அவளை அழைத்தது இதுதான் முதல் தடவை. அழைத்தவள் பவுனம்மாள்.

பவுனம்மாள்தான் இந்தக் குழம்பை வைப்பவள். நீளக் காம்பு போட்ட அகப்பை அவள் கையில் இருக்கும். மற்றவர்கள் நறுக்குவார்கள், அரைப்பார்கள், விறகு தள்ளுவார்கள். அம்மனுக்குப் படைக்கும்வரை அந்தக் குழம்பை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. வைத்தால் எச்சில். புளிப்பும் காரமும் மணத்தைக் கொண்டுதான் தெரிய வேண்டும். உப்புக்கு மணமில்லை, அதற்குக் கை அளவுதான். குளித்த ஈரத்தோடு, யாரிடமும் பேசாமல், வீட்டுப் பானையிலிருந்து கை நிறைய உப்பை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு பவுனம்மாள் வருவாள். குழம்பு கொதி வந்ததும் முடிச்சை அவிழ்த்துப் போடுவாள். பல வருஷங்களாக அந்தக் கை தவறியதில்லை.

போன வருஷம் தவறியது. கண்ணில் புரை விழுந்திருந்தது. போட்டோமா இல்லையா என்று சந்தேகப்பட்டு, கூழுக்கு வைத்திருந்த உப்பையும் அள்ளிப் போட்டுவிட்டாள். ஒரு வாய்கூட யாரும் சாப்பிட முடியவில்லை. அந்த ஆவணியில் தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு அம்மை வார்த்தது. "ஆத்தா கோச்சுகினா" என்றாள் முத்தம்மா. இந்த வருஷமும் தவறினால் அகப்பை முத்தம்மாவுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். அது பவுனம்மாளுக்கும் தெரியும்.

"மாங்கா எங்கடி?" என்றாள் முத்தம்மா. "மாங்கா இல்லாத கருவாட்டுக் கொழம்பு ஒரு கொழம்பா?"

"புளி ஊத்தி மாங்காயும் போட்டா ஆத்தா பல்லு கூசி எந்திரிச்சி ஓடிடுவா" என்றாள் சொக்கம்மாள், மொச்சையை அண்டாவில் கொட்டிக்கொண்டே. "முள்ளங்கி போடு. கத்திரிக்கா போடு. மொச்சை கீது. போதும்."

"முள்ளங்கியா? உன் வூட்டுக்காரன் இந்த முள்ளங்கிய துன்னுட்டுத்தான் ஏலேலோ பாடறானாம். கட்டுமரத்துல கூட நிக்கறவன் மூக்க மூடிகினு நிக்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பமும் சிரித்தாள். சிரிப்பில் பயம் கொஞ்சம் விட்டுப்போயிற்று. வாய் தவறி வந்துவிட்டது.

"எங்க ஊர்ல கடைசியா தேங்காயும் சின்ன உள்ளியும் அரைச்சு ஊத்துவோம்க்கா."

சட்டென்று அம்மி அரைக்கிற சத்தம் நின்றது.

"கருவாட்டுல தேங்காயா?" என்றாள் முத்தம்மா. "இன்னாம்மா கடைக்காரம்மா, வெல்லமும் ஏலக்காயும் குடு, பாயாசமாவே வச்சிடலாம்."

"ஏன், ஒரு மூடி ஊத்தினாத்தான் இன்னா?" என்றாள் சொக்கம்மாள். "கொழம்பு கெட்டியாவும். தண்ணியாட்டம் கீது."

"உனுக்கு முள்ளங்கியும் வோணும், தேங்காயும் வோணும். உன் வூட்டுக் கொழம்பாடி இது?"

"உன் வூட்டுதா? மாங்கா மாங்கான்ற, மசக்கையா?"

இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. பவுனம்மாள் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் போனாள். சத்தம் தாங்காமல் அந்தக் கையை எடுத்து அகப்பையை ஓங்கினாள்.

"வாய மூடுங்கடி! ஆத்தாளுக்கு வைக்கற கொழம்பு. தேங்காயும் வோணாம், மாங்காயும் வோணாம். எப்பவும் வைக்கற மாதிரிதான்." பிறகு தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "நீ மனசுல வச்சுக்காதம்மா. ஊருக்கு ஊரு ருசி. கருவாட்ட கொண்டா" என்றாள்.

தங்கபுஷ்பம் கருவாட்டைக் கொண்டுபோய்ப் போட்டாள். முகம் சுட்டது.

குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது தெருக்கோடியில் பம்பைச் சத்தம் கேட்டது. கரகம் வந்துவிட்டது. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார்கள். பவுனம்மாளும் கும்பிடப் போக வேண்டும்.

"தோ வந்துட்டேன். அடி புடிக்காம கிண்டிகினு இரு" என்று அகப்பையைத் தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்தாள்.

அந்த அகப்பையை வேறொருத்தி பிடித்து யாரும் பார்த்ததில்லை. தங்கபுஷ்பத்துக்கு அது தெரியும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிண்டினாள். மொச்சை வெந்து தோல் விட்டிருந்தது. கத்திரிக்காய் குழைந்திருந்தது. நல்ல மணம். அகப்பையைத் தூக்கினாள், இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள், நக்கினாள்.

உப்பில்லை.

வெறும் புளியும் காரமும். கருவாட்டிலிருந்த உப்பு வெந்நீரோடு போயிருந்தது. பக்கத்தில் கூழுக்கென்று வைத்திருந்த உப்புச் சட்டியிலிருந்து கை நிறைய அள்ளிப் போட்டாள். கிண்டினாள். மறுபடி உள்ளங்கையில் ஒரு சொட்டு. இன்னும் கொஞ்சம் வேண்டும். போட்டாள். இப்போது சரி.

வீட்டில் தினமும் செய்வதுதான். அவள் அம்மா செய்வதும் அப்படித்தான். கை தானாகச் செய்தது.

பம்பைச் சத்தம் நெருங்கி வந்தபோதுதான் உள்ளங்கையைப் பார்த்தாள். மஞ்சளாக ஒரு வட்டம். நடுவில் நாக்குப் பட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. சேலையில் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. மணலை அள்ளித் தேய்த்தாள்.

பவுனம்மாள் வேர்த்து விறுவிறுத்து வந்தாள். "அடி புடிக்கலயே?" என்று கேட்டு அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்டாவைக் கவிழ்க்க வேண்டும். வேறு கருவாடு இல்லை, நேரமும் இல்லை. எல்லா வீடும் வெறும் கூழைக் குடித்துவிட்டுப் போகும். அகப்பை பவுனம்மாள் கையிலிருந்து போகும். வெளி ஆளை ஏன் அழைத்தாய் என்று கேட்பார்கள். இத்தனையும் யோசித்துத்தான் சொல்லாமலிருந்தோம் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் எதையும் யோசிக்கவில்லை. பயந்தாள், அவ்வளவுதான்.

"இல்லக்கா. பிடிக்கல" என்றாள்.

படையல் நடந்தது. பூசாரி தீபாராதனை காட்டினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். தங்கபுஷ்பம் மூடவில்லை. அம்மன் முன்னால் கிண்ணத்தில் இருந்த குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்தவள் முத்தம்மா. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். முத்தம்மா மொச்சையை மென்றாள், கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள், விரலைச் சூப்பினாள்.

"யக்கா," என்றாள், கொஞ்சம் மனசில்லாமல்தான். "உப்பு நிக்குது பாரு. அப்டியே நிக்குது."

பவுனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தங்கபுஷ்பத்தைக் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் உட்காரவைத்தார்கள். "குந்து புஷ்பம்" என்றாள் சொக்கம்மாள். அதுவரை அவளைக் குப்பத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். பக்கத்திலிருந்தவள் அவள் கொட்டாங்கச்சியில் இன்னொரு கருவாட்டுத் துண்டு போட்டாள். நல்ல குழம்புதான். அவளால் விழுங்க முடியவில்லை.

*

மறுநாள் காலையில் பவுனம்மாள் கடையின் பின்பக்கம் வந்தாள். நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"உன் வூட்டுக்காரரு கீறாரா?"

"முன்னால வியாபாரத்துல இருக்காங்கக்கா. கூப்பிடவா?"

"வோணாம். உன்னாண்டதான் சொல்லணும்." இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துப் பிரித்தாள். கல்லுப்பு. "இன்னா இது?"

"உப்புக்கா."

"நேத்து கொழம்புக்கு முடிஞ்சு எடுத்தாந்த உப்பு. இவளுங்க போட்ட சண்டையில போடவே இல்ல. போட்டுட்டேன்னே நெனச்சுகினு இருந்தேன். வூட்டுக்குப் போயி சேலைய அவுக்கறேன், முடிச்சு வியுது." துணியை இன்னும் விரித்துக் காட்டினாள். "நானு உப்பே போடல, புஷ்பம். ஆத்தா போட்டுகினா. என் மானத்த காப்பாத்த அவளே வந்து போட்டுகினா."

தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பவுனம்மாளின் கண்கள் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தன. அந்தக் கண்கள் அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தன.

"அக்கா, அது..."

"வாயத் தொற" என்றாள் பவுனம்மாள். ஒரு கல்லை எடுத்து அவள் நாக்கில் வைத்தாள். "உன்னாண்ட அகப்பைய குடுத்துட்டுப் போன நேரத்துலதான் வந்துகீறா. நீ குடுத்து வச்சவ. உன் பக்கத்துல நின்னுகீறா, உனுக்குத் தெரியல."

உப்பு நாக்கில் கரைந்தது. தங்கபுஷ்பம் எச்சிலை விழுங்கினாள்.

புதன்கிழமைக்குள் தெரு முழுக்கப் பேச்சானது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவளுக்கு ஒரு கல். கடலுக்குப் போகிறவன் நெற்றியில் ஒரு கல். முடிச்சு பவுனம்மாள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. பூ வைத்திருந்தார்கள். முத்தம்மாகூட ஒரு கல் வாங்கிக்கொண்டு போனாள்.

தங்கபுஷ்பம் கடைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். வருகிறவர்கள் அவளைப் பார்த்துக் கும்பிடுவது போல இருந்தது. உண்மையில் யாரும் கும்பிடவில்லை. காசு கொடுத்துப் பொட்டலம் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் பவுனம்மாளின் மகன் ரகுபதி கடைக்கு வந்தான். ஹார்பரில் வேலை. பீடி வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு சுயம்புவிடம் பொருமினான்.

"இன்னா சொல்றது அண்ணாச்சி, ஒரே பேஜாரா கீது. கண்ணாஸ்பத்திரில சொல்லி வச்சு, லீவு கேட்டு, எல்லாம் பண்ணிட்டேன். ஆடிக்கூழ் முடியட்டும், திங்கக்கெழம வரேன்னு சொன்னவ இப்ப வரமாட்டேன்றா. ஆத்தாவே என் பக்கத்துல கீறா, என் கண்ணுல எவன் கத்தி வைக்கறதுன்றா."

"கொஞ்ச நாள் போவட்டுமே தம்பி" என்றான் சுயம்பு.

"எங்க போறது? ஒரு கண்ணு முத்திப்போச்சு, இன்னும் வுட்டா கண்ணே கெட்டுடும்னு டாக்டரு சொல்லிகீறாரு. அதுக்கப்புறம் அறுத்தாலும் பாக்க முடியாதாம். இவ உப்பு உப்புன்றா."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்தின் கை நின்றது.

*

பவுனம்மாள் குடிசைக்கு முன்னால் மணலில் பாய் விரித்து, நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்த்துப் பரப்பவில்லை. விரலால் தடவித் தடவிப் பரப்பினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அலைச் சத்தம் பெரிதாக இருந்தது.

"யாரு? புஷ்பமா? குந்து."

தங்கபுஷ்பம் உட்காரவில்லை.

"அக்கா, அந்த உப்ப நான்தான் போட்டேன்."

பவுனம்மாளின் விரல்கள் நெத்திலிமேல் நகர்ந்துகொண்டே இருந்தன. "எந்த உப்ப?"

"குழம்புக்கு. நீங்க கரகம் பார்க்கப் போனப்போ. உப்பு இல்லன்னு தெரிஞ்சுது. கூழுக்கு வச்ச உப்புச் சட்டியிலருந்து அள்ளிப் போட்டேன்."

விரல்கள் நின்றன.

"உப்பு இல்லன்னு எப்டி தெரிஞ்சுது?"

அலை வந்து போயிற்று. தங்கபுஷ்பம் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வாயில வச்சியா?"

"ஆமாக்கா. உள்ளங்கையில விட்டு நக்கிட்டேன். வேணும்னு செய்யலக்கா. வீட்டுல செய்யுத மாதிரி... கை தானா..."

"ஒரு தபாவா?"

"ரெண்டு தடவ."

ஒரு காக்கை பாயின் ஓரத்துக்கு வந்தது. பவுனம்மாள் விரட்டவில்லை. தங்கபுஷ்பம்தான் கையை வீசி விரட்டினாள்.

"யாராண்டனா சொன்னியா? உன் வூட்டுக்காரராண்ட?"

"இல்லக்கா."

"அப்ப எங்கிட்ட ஏன் சொன்ன?"

தங்கபுஷ்பம் திடுக்கிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் வந்தாள்.

"உங்க கண்ணு... ரகுபதி கடையில வந்து சொல்லிச்சு. ஆத்தா இருக்கான்னு நம்பி நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகாம..."

"கண்ணு போனா எனுக்கு ஒரு கண்ணுதான போவும்?" பவுனம்மாள் சத்தம் போடவில்லை. "ஆத்தா வந்தான்னு ஆறு நாளு இருந்தேன், புஷ்பம். எம்புருசன் போனதுலேருந்து அந்த மாதிரி ஒரு ஆறு நாளு எனுக்கு இருந்ததில்ல. எச்சக் கொழம்ப ஆத்தா முன்னால வச்சவ நானு. இனிமே அவ மொகத்துல எப்டி முழிப்பேன்? தெருவாண்ட சொன்னா உன்ன கிழிச்சுடுவாளுங்க. சொல்லலன்னா நானும் கள்ளி. நீ பாட்டுக்கு வச்சுகினு இருந்திருக்கலாமே. உன் பாரத்த எறக்கி என் தலையில வச்சுட்டியே."

தங்கபுஷ்பம் அழுதாள். அழுவதற்கே வெட்கமாக இருந்தது. சொன்னதில் ஒரு பாதி கண்ணுக்காகத்தான். மறு பாதி, அந்தக் கல்லுப்பு நாக்கில் கரைந்த நாளிலிருந்து தன்னால் தாங்க முடியாமல்தான். பவுனம்மாளுக்கு அது தெரிந்துவிட்டது.

பவுனம்மாள் எழுந்து உள்ளே போனாள். மஞ்சள் முடிச்சோடு வந்தாள். அதிலிருந்த பூவைத் தனியே எடுத்து ஓலைச் சுவரில் செருகினாள். பிறகு துணியைப் பிரித்து, மிச்சமிருந்த உப்பை நெத்திலியின் மேல் பரவலாகத் தூவினாள்.

"உப்புதான" என்றாள்.

துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுபடி குந்தி உட்கார்ந்து நெத்திலியைப் புரட்டத் தொடங்கினாள். தங்கபுஷ்பம் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே கிளம்பினாள்.

*

திங்கட்கிழமை பவுனம்மாள் மகனோடு ரயிலேறிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனாள். போவதற்கு முன்னால் அகப்பையைக் கழுவித் துடைத்து முத்தம்மா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாளாம். முத்தம்மாவே கடைக்கு வந்து சொன்னாள். பெருமையும் சங்கடமும் கலந்து பேசினாள்.

"நானு வோணாம்னுதான் சொன்னேன் புஷ்பம். ஆத்தாவே வந்து உப்பு போட்ட கையி, அத்த எப்டி நானு வாங்கறது? கேக்கல. கண்ணு தெரியலடி, நீ வச்சுக்கோன்னு கண்டிப்பா சொல்லிச்சு. அந்த உப்பையும் காணோம். கேட்டா, தீந்துபோச்சுன்னுச்சு." பருப்புப் பொட்டலத்தைக் கூடையில் வைத்துவிட்டுக் குனிந்து கேட்டாள். "ஆமா, உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்லியேக்கா."

"அதான பாத்தேன். அடுத்த வருசம் உப்பு முடிஞ்சு எடுத்தாற வேலைய உன்னாண்ட குடுக்கச் சொல்லிச்சு. புஷ்பத்தத் தவிர யாரும் உப்ப தொடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகிச்சு. உன்மேல அவ்ளோ இது கீது பவுனக்காவுக்கு." முத்தம்மா சிரித்தாள். "ஆனா கொழம்புல மாங்கா போடுவேன், சொல்டேன். தேங்கா கீங்கான்னு வந்து நிக்காத."

தங்கபுஷ்பம் தலையாட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பவுனம்மாள் மன்னித்தாளா, தண்டித்தாளா? யாரிடமும் கேட்க முடியாது.

அன்று மத்தியானம் வீட்டில் வாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஊர் வழக்கப்படி தேங்காயும் சின்ன உள்ளியும் சீரகமும் அரைத்து ஊற்றினாள். நுரை கூடி வந்தது. கரண்டியைத் தூக்கி இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

கை அங்கேயே நின்றது. சொட்டு ஆறி, ரேகைகளில் இறங்கி, மணிக்கட்டு வரை ஓடியது. கையைக் கழுவிவிட்டு அடுப்பை அணைத்தாள்.

சுயம்பு முதல் வாய்ச் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தான்.

"ஏட்டி, உப்பு போட்டியா இல்லியா?"

"தெரியலியே" என்றாள்.

"தெரியலியா? ருசி பார்க்கலியா நீ?"

அவள் உப்புக் கிண்ணத்தை எடுத்து அவன் இலையருகே வைத்தாள். "நீங்களே பார்த்துப் போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.